தேறுமா

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு
வானொலியில் எனக்குத் தொண்ணூறு நொடி.
முன்னால் வானிலை, பின்னால் மீன் விலை.
நடுவில் அந்த வாரத்துப் படத்தைத் தூக்கி
நான் தராசில் வைக்கவேண்டும்.

பதினாறு வருடமாக வால்பரைசோ நகரத்துக்கு
நான் சொல்லித் தீர்த்தவை:
விறுவிறுப்பு. இழுவை. கண்ணுக்கு விருந்து.
அப்புறம், ஒருமுறை பார்க்கலாம்.
அறுவை அறையிலிருந்து வெளியே வந்து
பிழைத்தார் என்றும் சொல்லாமல்
போய்விட்டார் என்றும் சொல்லாமல்
கைகழுவப் போகும் மருத்துவரின் வாக்கியம் அது.
அதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை.

ஒத்தீலியா மட்டும் தொலைபேசியில் வருவார்.
பரோன் குன்றில் வீடு.
துறைமுகத்தில் சுங்கத் தாள்களுக்கு
முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர்.
காலை வணக்கமெல்லாம் கிடையாது.
"எவரிஸ்தோ, தேறுமா?"

நான் ஒளிப்பதிவிலிருந்து தொடங்குவேன்.
"அதைக் கேட்கவில்லை.
கீழே இறங்க நூற்று முப்பத்தொரு படி.
வீன்யாவுக்குப் பேருந்து, நின்றபடி.
புதன்கிழமை பாதி விலைச் சீட்டு.
திரும்பும்போதும் அதே நூற்று முப்பத்தொன்று,
ஆனால் ஏறவேண்டும்.
எல்லாம் கழித்தபின்
கையில் ஏதாவது மிஞ்சுமா?
அதைச் சொல்லுங்கள்."

எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை,
விளக்கு அணைந்ததும் என் முழங்கால்
அவருடையதாகிவிடுகிறது.
நாயகன் விமானத்திலிருந்து குதிக்கிறான்:
பத்துப் படி தேறும்.
தங்கையைப் புதைத்துவிட்டு வந்த ஒருத்தி
அழாமல் தட்டுக் கழுவுகிறாள்:
சுளையாக நாற்பது.
உலகம் மூன்றாம் முறை காப்பாற்றப்படுகிறது:
பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் யோசிக்கலாம்.

ஜூன் மழையில் வந்தது அந்தப் பெரிய படம்.
ஊரில் எல்லாப் பேருந்தின் முதுகிலும் அதன் முகம்தான்.
முன்காட்சிக்கு அழைத்துத் தொப்பி கொடுத்தார்கள்,
இறைச்சிப் பணியாரம் கொடுத்தார்கள்.
பணியாரம் நன்றாக இருந்தது.
ஒலிவாங்கியில் சொன்னேன்:
வீட்டிலேயே இருங்கள்.
படிகள் வழுக்கும், படமும் வழுக்கும்.

அடுத்த வியாழன் ஒத்தீலியா.
"போய்விட்டு வந்தேன்.
நீங்கள் சொன்னது சரி, மகா மட்டம்.
ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்
வெங்காயம் நறுக்கினானே, கவனித்தீர்களா?
தோலை உரிக்காமல்!
கொலைகாரன் அவன்தான் என்று
அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.
போலீசுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது.
நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.
வரிசையில் வேறு ஆள் இல்லை,
செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டேன்.
வீட்டில் அடுப்பு எரிவாயு தீர்ந்திருந்தது,
அங்கே கதகதப்பு.
தேறியது என்று சொல்லவில்லை.
உங்கள் கணக்கில் வெங்காயத்தை விட்டுவிட்டீர்கள்,
அவ்வளவுதான்."

வெங்காயமா?
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
நாற்பதாவது நிமிடத்தில்
என் கையெழுத்து சொல்கிறது: இழுவை.

அந்தப் புதன்கிழமை
சொந்தக் காசில் சீட்டு வாங்கி மறுபடி போனேன்.
தொப்பி இல்லை. பணியாரம் இல்லை.
சமையலறை வந்தது.
நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.
உரிக்கிறான்.
நன்றாகவே உரிக்கிறான்,
பழுப்புத் தோல் சுருண்டு தொட்டியில் விழுவது
அண்மைக் காட்சியில் தெரிகிறது.
கொலைகாரனும் அவன்தான்.

அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை.
சக விமரிசகரின் தீர்ப்பில்
கைவைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

இதோ, மறுபடி வியாழன்.
புதுப் படம். கடல், காதல், மூன்று பாட்டு.
தொண்ணூறு நொடியில் எழுபதைத் தின்றுவிட்டேன்,
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தொலைபேசி விளக்கு சிமிட்டுகிறது.
பக்கத்து நாற்காலியில் நிபால்தோ
மீன் விலைத் தாளோடு தொண்டையைச் செருமுகிறான்.
மெர்லூசா, கிலோ இரண்டாயிரத்து எண்ணூறு.
கொடுத்துவைத்தவன்.